ஆட்டத்துக்கு முந்தைய படபடப்பு

போட்டி தொடங்கச் சில நிமிடங்கள் இருக்கும்போது உள்ளங்கை வியர்க்கும், வாய் உலரும், வயிற்றைக் கலக்கும், நெஞ்சு அடித்துக்கொள்ளும், விரல்கள் லேசாக நடுங்கும். இவை ஐந்து தனித்தனிக் கோளாறுகள் அல்ல; ஒரே உடலியல் நிகழ்வின் ஐந்து வெளிப்பாடுகள். நடக்கப்போகும் காரியம் முக்கியமானது, அதன் முடிவு உறுதியில்லாதது, அதைப் பிறர் பார்த்து மதிப்பிடப்போகிறார்கள் என்ற மூன்றும் சேரும் இடத்தில் மூளை இந்த நிகழ்வைத் தொடங்கிவைக்கிறது. பனித்தளத்தில் தன்னந்தனியாக ஃபிகர் ஸ்கேட்டிங் ஆட நிற்பவருக்கும், அரங்கேற்ற மேடையேறும் பெண்ணுக்கும், சதுரங்கப் பலகை முன் அமர்பவருக்கும் உடல் தரும் விடை ஏறக்குறைய ஒன்றுதான்.

விளாத்திகுளம், புதூர், எட்டயபுரம் எனப் பரந்து கிடக்கும் கரிசல் காட்டில் இந்தப் படபடப்பைப் பார்க்க ஏற்ற இடம் கோவில்பட்டி ஹாக்கி மைதானம். தீப்பெட்டிக்கும் கடலைமிட்டாய்க்கும் பேர்போன இந்த ஊர் தமிழ்நாட்டின் ஹாக்கி ஊரும்கூட. இங்குள்ள கிருஷ்ணா நகர் செயற்கைப் புல்தரை மைதானத்தில் 2022 மே மாதம் இளையோர் ஆடவர் தேசிய ஹாக்கிப் போட்டி நடந்தது. அதே மாதம் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பைக்கான இந்திய அணியில் கோவில்பட்டிக்காரரான மாரீஸ்வரன் சக்திவேலும், அரியலூரிலிருந்து வந்து கோவில்பட்டியில் பயிற்சி பெற்ற கார்த்தி செல்வமும் இடம்பிடித்திருந்தார்கள். மே 23 அன்று பாகிஸ்தானுக்கு எதிராக ஆடியது கார்த்தியின் முதல் சர்வதேச ஆட்டம். அதன் முதல் கால்பகுதியிலேயே அவர் கோல் அடித்தார். முதல் ஆட்டம், எதிரில் பாகிஸ்தான் என்ற நிலையில் எந்த இளைஞரின் உடலும் அமைதியாக இருக்காது. அமைதியில்லாத உடலைக் கொண்டே நன்றாக ஆட முடிவது எப்படி என்பதே இந்த அத்தியாயத்தின் பொருள்.

உடலுக்குள் நடப்பது

மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ் ஆபத்தையோ சவாலையோ உணர்ந்ததும் பரிவு நரம்பு மண்டலத்தைத் தூண்டுகிறது. சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் சில வினாடிகளில் அட்ரினலினை ரத்தத்தில் கலக்கின்றன. இதயம் விரைவாகவும் அழுத்தமாகவும் துடிக்கிறது. ஈரல் தன் சேமிப்பிலிருந்து குளுக்கோஸை விடுவிக்கிறது. மூச்சுக்குழல்கள் விரிகின்றன, கண்மணி அகலமாகிறது. அமெரிக்க உடலியலாளர் வால்டர் கேனன் 1915-ல் வெளியிட்ட நூலில், எதிர்த்து நிற்கவோ தப்பி ஓடவோ உடல் செய்துகொள்ளும் ஏற்பாடு என்று இதை விளக்கினார்.

சங்கடமாகத் தோன்றும் ஒவ்வொரு அறிகுறியும் இந்த ஏற்பாட்டின் பக்கவிளைவுதான். தசைகளுக்கு ரத்தம் கூடுதலாகத் தேவைப்படுவதால் குடலுக்குப் போகும் ரத்தம் குறைகிறது. வயிற்றைப் பிசைவது அதனால்தான். உமிழ்நீர் குறைந்து கெட்டியாவதால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. தோலில் உள்ள ரத்தக்குழாய்கள் சுருங்குவதால் வெயில் காலத்திலும் விரல் நுனி சில்லிடுகிறது. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் உள்ள வியர்வைச் சுரப்பிகள் வெப்பத்தைவிட உணர்ச்சிக்கே அதிகம் கட்டுப்பட்டவை. எல்லோருடைய கையிலும் எப்போதும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத நடுக்கத்தை அட்ரினலின் பெரிதாக்குகிறது. விரல் உதறுவது அதுவே.

அட்ரினலின் ரத்தத்தில் சில நிமிடங்களே நீடிக்கும். பதற்றமான எண்ணம் மீண்டும் மீண்டும் வந்தால் அதுவும் மீண்டும் மீண்டும் சுரக்கும். இதற்குப் பின்னால் மெதுவாக எழும் இன்னொரு அலை கார்ட்டிசால். நெருக்கடி தொடங்கிய சுமார் 20 முதல் 30 நிமிடங்களில் இது உச்சத்தைத் தொடும். ஆட்டத்துக்கு வெகு நேரம் முன்பே கவலைப்படத் தொடங்கும் வீரர், களமிறங்கும்போது தன் சக்தியில் ஒரு பங்கை ஏற்கெனவே செலவழித்திருப்பார்.

எவ்வளவு இருக்கலாம்

ராபர்ட் யெர்க்ஸ், ஜான் டாட்சன் ஆகியோர் 1908-ல் எலிகளுக்கு வெள்ளைப் பெட்டியையும் கறுப்புப் பெட்டியையும் பிரித்தறியக் கற்றுக்கொடுத்தனர். தவறினால் மின்னதிர்ச்சி. வேறுபாடு எளிதாகத் தெரிந்தபோது அதிர்ச்சி வலுக்க வலுக்க எலிகள் விரைவாகக் கற்றன. வேறுபாடு நுணுக்கமாக இருந்தபோதோ நடுத்தர அதிர்ச்சிதான் நல்ல பலன் தந்தது. அதற்குமேல் போனால் கற்றல் கெட்டது. பிற்காலத்தில் இந்தக் கருத்து மனிதர்களுக்கும் விளையாட்டுக்கும் விரித்துப் பொருத்தப்பட்டது. கிளர்ச்சி மிகக் குறைந்தாலும் ஆட்டம் சோர்ந்துபோகும், மிகக் கூடினாலும் சிதறிப்போகும், நுணுக்கமான வேலைக்குக் குறைந்த கிளர்ச்சியே போதும் என்பது அதன் சாரம்.

ஒரே ஹாக்கி ஆட்டத்துக்குள் இந்த இரண்டு வகை வேலையும் உண்டு. பந்தை இழந்ததும் திரும்பி 40 மீட்டர் ஓடி எதிராளியை மறிக்கும் வீரருக்கு அட்ரினலின் உதவுகிறது. பெனால்டி கார்னரில் நிறுத்தப்பட்ட பந்தை மட்டையின் வளைவில் ஏந்தி இழுத்து டிராக் ஃப்ளிக் செய்பவருக்கு, பாதம் வைக்கும் இடம், இடுப்பின் திருப்பம், மணிக்கட்டின் விடுப்பு ஆகிய மூன்றும் ஒரு கணத்தில் பொருந்த வேண்டும். படபடப்பு மிகும்போது ஒரு மூட்டை மடக்கும் தசையும் நீட்டும் தசையும் ஒருசேர இறுகுகின்றன. மணிக்கட்டு விறைத்து, பந்து நினைத்த உயரத்துக்குப் போகாமல் தரையோடு போகிறது.

அளவு ஆளுக்கு ஆள் மாறும். ரஷ்யாவில் பணியாற்றிய விளையாட்டு உளவியலாளர் யூரி ஹானின், ஒவ்வொரு வீரருக்கும் அவருக்கே உரிய பொருத்தமான பதற்ற வரம்பு உண்டு என்று எடுத்துக்காட்டினார். அணியில் ஒருவர் ஆட்டத்துக்கு முன் கத்திக் குதித்தால்தான் நன்றாக ஆடுவார். இன்னொருவர் ஓரமாக உட்கார்ந்து மட்டைக்கு நாடா சுற்றிக்கொண்டிருந்தால்தான் நன்றாக ஆடுவார். எல்லோரையும் ஒரே வட்டத்தில் நிறுத்தி ஒரே முழக்கம் போடச் சொல்வது ஒருவரை ஏற்றிவிட்டு இன்னொருவரைக் கெடுத்துவிடக்கூடும். நல்ல நாட்களிலும் கெட்ட நாட்களிலும் ஆட்டத்துக்கு முன் எப்படி இருந்தது என்று குறித்துவரும் வீரருக்குத் தன் வரம்பு சில மாதங்களில் பிடிபட்டுவிடும்.

ஆட்டம் கெடுவது எங்கே

நடுங்கும் கையைவிட, இடம் மாறும் கவனமே ஆட்டத்தை அதிகம் கெடுக்கிறது. இது இரண்டு வழிகளில் நடக்கிறது. முதல் வழியில் கவனம் ஆட்டத்தைவிட்டு வெளியே போகிறது: தோற்றால் என்ன சொல்வார்கள், தேர்வாளர் எங்கே உட்கார்ந்திருக்கிறார், வேலைவாய்ப்புக்கான விளையாட்டுச் சான்றிதழ் கிடைக்குமா. இரண்டாம் வழியில் கவனம் மிதமிஞ்சி உள்ளே போகிறது. பல ஆண்டுப் பழக்கத்தால் தானாக நடந்துவந்த அசைவைத் தவறக்கூடாது என்ற பயத்தில் வீரர் படிப்படியாகக் கண்காணிக்கத் தொடங்குகிறார். தேர்ந்த ஆட்டக்காரரைத் தொடக்கநிலைக்காரராக மாற்றுவது இந்தக் கண்காணிப்புதான்.

சியான் பைலாக்கும் அவருடைய சகாக்களும் 2002-ல் வெளியிட்ட ஆய்வில், தேர்ந்த கால்பந்து வீரர்களும் புதியவர்களும் தடைகளுக்கு இடையே பந்தை உருட்டிச் சென்றார்கள். பாதத்தின் எந்தப் பக்கம் பந்தைத் தொடுகிறது என்று கவனிக்கச் சொன்னபோது, தேர்ந்தவர்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் காலால் உருட்டும் வேகம் குறைந்தது. ஒலிபெருக்கியில் வரும் சொற்களில் ஒரு குறிப்பிட்ட சொல்லைக் கவனிக்கும் வேலையைத் தந்தபோது அதே வீரர்கள் விரைவாக ஓடினார்கள். புதியவர்களுக்கு இது தலைகீழாக அமைந்தது. காலைக் கவனித்தபோது அவர்கள் நன்றாகச் செய்தார்கள். கற்கும் பருவத்தில் மணிக்கட்டைப் பார்க்கச் சொல்லும் பயிற்சியாளர், இறுதிப்போட்டி நாளில் அதே அறிவுரையைச் சொன்னால் தீங்கு விளைவது இதனால்தான். அன்றைக்குச் சொல்லத்தக்கது பந்து போய்ச் சேர வேண்டிய இடம். அசைவின் விளைவில் கவனம் வைப்பவர்கள், அசையும் உறுப்பில் கவனம் வைப்பவர்களைவிட நன்றாகச் செய்கிறார்கள் என்பதைக் கேப்ரியல் வுல்ஃப் முதலானோரின் ஆய்வுகள் பல விளையாட்டுகளில் காட்டியிருக்கின்றன.

ஆக, படபடப்பை விரட்டுவதற்கு உழைப்பதைவிட, அது பிடுங்கிக்கொண்டு போகும் கவனத்துக்கு ஓர் இடம் ஒதுக்குவதே பயன் தரும். கீழே வரும் முறைகள் எல்லாம் அந்த ஒரு வேலையைத்தான் வெவ்வேறு வழியில் செய்கின்றன.

துடிப்புக்குத் தரும் பொருள்

‘பயப்படாதே, அமைதியாக இரு’ என்பது எல்லோரும் சொல்லும் அறிவுரை. அதைப் பின்பற்றுவது கடினம். கிளர்ந்த உடலைச் சில நிமிடங்களில் அமைதிக்குக் கொண்டுவர வேண்டும். முடியாதபோது, முடியவில்லையே என்ற இரண்டாவது கவலை சேர்ந்துகொள்ளும். ஹார்வர்டின் அலிசன் வுட் ப்ரூக்ஸ் 2014-ல் வெளியிட்ட சோதனைகளில், அந்நியர் முன் பாட வேண்டியிருந்தவர்களில் சிலர் தமக்குப் பதற்றமாக இருப்பதாகவும், சிலர் தமக்கு உற்சாகமாக இருப்பதாகவும் முன்கூட்டியே வாய்விட்டுச் சொன்னார்கள். உற்சாகம் என்று சொன்னவர்களின் பாடல் சுருதியிலும் தாளத்திலும் கூடுதல் மதிப்பெண் பெற்றது. அவர்களின் இதயத் துடிப்பு குறைந்துவிடவில்லை. துடிப்பு அப்படியே இருக்க, அதற்குத் தரப்பட்ட பொருள்தான் மாறியது. பயத்திலும் உற்சாகத்திலும் உடல் ஏறக்குறைய ஒரே நிலையில் இருப்பதால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுவது அமைதிக்கு இறங்குவதைவிட எளிது.

இது வெறும் வாய்ச்சொல்லாகத் தங்கிவிடாமல் இருக்க, அறிகுறிகளின் உடலியலை இளம் வீரர்களுக்கு முன்கூட்டியே விளக்கிவிடுவது நல்லது. ‘நெஞ்சு அடிக்கிறது, தசைக்கு ரத்தம் போகிறது’ என்று தெரிந்த சிறுவன், நெஞ்சு அடிப்பதைத் தோல்வியின் முன்னறிவிப்பாக எடுத்துக்கொள்ள மாட்டான்.

மூச்சு

தானாக நடக்கும் இந்த உடல் மாற்றங்களில் மனிதர் நேரடியாகக் கைவைக்கக்கூடியது மூச்சு ஒன்றே. மூச்சை இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்று விரைவாகிறது; விடும்போது வேகஸ் நரம்பின் வழியாகச் சற்றுக் குறைகிறது. விடும் மூச்சை நீட்டினால் குறைவின் பங்கு கூடுகிறது. நிமிடத்துக்குச் சுமார் 6 மூச்சு என்ற மெதுவான தாளத்தில் இந்த விளைவு நன்கு தெரிகிறது. நான்கு எண்ணும்வரை மூக்கால் இழுத்து, ஆறு எண்ணும்வரை விட்டால் இந்தத் தாளம் கிடைத்துவிடும். இரண்டு மூன்று நிமிடம் போதும்.

இதில் அடிக்கடி நேரும் பிழை ஒன்று உண்டு. ‘நல்லா மூச்சு இழு’ என்று கேட்டதும் இளம் வீரர்கள் பெரிய பெரிய மூச்சாக வேகமாக இழுக்கிறார்கள். தேவைக்கு மேல் வேகமாக மூச்சு விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை லேசாகச் சுற்றும், உதடும் விரலும் மரத்துப்போகும். அந்த உணர்வு மேலும் பயமுறுத்தும். அளவான மூச்சும் நீண்ட விடுப்பும்தான் முறை.

காத்திருக்கும் நேரம்

ஆட்டத்தைவிடக் காத்திருப்பதே பலரை வாட்டுகிறது. ஃபிகர் ஸ்கேட்டிங்கில் ஒரு குழுவில் 6 பேர்வரை சேர்ந்து 6 நிமிடம் தளத்தில் உடலைச் சூடாக்கிக்கொள்வார்கள். பிறகு ஒவ்வொருவராக ஆடுவார்கள். குலுக்கலில் கடைசி இடம் கிடைத்தவர் அரை மணிக்கும் மேல் காத்திருக்க நேரலாம். அதற்குள் தசை குளிர்ந்துவிடும், முன்னால் ஆடியவர்களின் மதிப்பெண்கள் காதில் விழும். பெயர் அழைக்கப்பட்டால் 30 வினாடிக்குள் தொடக்க நிலையில் நிற்க வேண்டும். தாமதித்தால் மதிப்பெண் குறையும்.

ஹாக்கியில் இதற்கு நிகரானது ஷூட்-அவுட். சமநிலையில் முடிந்த ஆட்டத்தில் ஒவ்வோர் அணியிலிருந்தும் ஐந்து பேர், ஒவ்வொருவராக, 23 மீட்டர் கோட்டிலிருந்து பந்தை எடுத்துச் சென்று கோல்கீப்பரை ஏய்த்து 8 வினாடிக்குள் கோல் போட வேண்டும். பத்துப் பேர் சேர்ந்து ஓடிய ஆட்டம் ஒரே ஆளின் ஆட்டமாகிறது. மைதானம் முழுவதும் அவரைப் பார்க்கிறது. 2024 ஆகஸ்ட் 4 அன்று பாரிஸ் ஒலிம்பிக் காலிறுதியில் இந்தியா பிரிட்டனைச் சந்தித்தது. 17-வது நிமிடத்தில் அமித் ரோஹிதாஸ் சிவப்பு அட்டை பெற்று வெளியேற, மீதி ஆட்டத்தை இந்தியா பத்துப் பேருடன் ஆடி 1-1 என நிறுத்தியது. ஷூட்-அவுட்டில் இந்தியாவின் நான்கு முயற்சிகளும் கோலாயின; பிரிட்டனின் ஒரு முயற்சி வெளியே போனது, இன்னொன்றை இந்தியக் கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ் தடுத்தார். 4-2 என வென்ற அணி பின்னர் ஸ்பெயினைத் தோற்கடித்து வெண்கலம் பெற்றது. அந்த அணியுடன் மனவலுப் பயிற்சியாளர் பேடி அப்டன் பணியாற்றியிருந்தார். அதே ஆண்டு டிசம்பரில் சிங்கப்பூரில் 18 வயதில் உலக சதுரங்கச் சாம்பியனான சென்னையின் குகேஷுக்கும் அவர் துணை நின்றார். குகேஷ் அந்தத் தொடரின் முதல் ஆட்டத்தில் தோற்று, மூன்றாவது ஆட்டத்தில் வென்று சமன்செய்தவர்.

அவசரமும் படபடப்பின் ஒரு வடிவம்தான். நார்வேயின் கெயிர் ஜோர்டெட் பெரிய கால்பந்துப் போட்டிகளின் பெனால்டி உதைகளை ஆராய்ந்தபோது, நடுவர் விசில் ஊதியதும் உடனே பாய்ந்து உதைத்தவர்கள், சற்று நிதானித்தவர்களைவிட அதிகம் தவறவிட்டது தெரிந்தது. சங்கடமான அந்த நிலை சீக்கிரம் முடிந்தால் போதும் என்று மனம் தள்ளுவதே காரணம் என்று அவர் கருதினார்.

இதற்கு மருந்து ஒரு நிலையான செயல்வரிசை. ஷூட்-அவுட்டுக்குப் போகும் வீரர் நடுக்கோட்டிலிருந்து நடந்து வருகிறார். கையுறையை இழுத்துச் சரிசெய்கிறார். பந்தைத் தானே வைக்கிறார். கோலின் எந்த மூலை என்று ஒருமுறை பார்க்கிறார். ஒரு நீண்ட மூச்சை விட்டு நடுவரைப் பார்க்கிறார். ஒவ்வொரு முறையும், பயிற்சியிலும் போட்டியிலும், அதே வரிசை, ஏறக்குறைய அதே நேரம். கவனத்துக்கு அடுத்தடுத்து வேலை இருப்பதால் தோல்வியைப் பற்றி நினைக்க இடைவெளி கிடைப்பதில்லை. ஒரே சட்டை, ஒரே நெற்றிப்பொட்டு போன்ற நம்பிக்கைகளுக்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. அந்தச் சட்டை கிடைக்காத அன்று நம்பிக்கைக்காரர் நிலைகுலைவார். செயல்வரிசையோ வீரரின் கையிலேயே இருக்கிறது.

கண்ணும் இதில் சேர்கிறது. கனடாவின் ஜோன் விக்கர்ஸ் 1990-களில் கூடைப்பந்து வீரர்களின் பார்வையைப் பதிவுசெய்தார். வீசுவதற்கு முன் தேர்ந்தவர்கள் வளையத்தின் ஒரே புள்ளியில் பார்வையை நீண்ட நேரம் நிறுத்தினார்கள். மற்றவர்களின் பார்வை அலைபாய்ந்தது. பதற்றம் இந்த நிறுத்தத்தைக் குறுக்குகிறது. அதை நீட்டப் பழகலாம்.

பழக்கப்படுத்துதல்

நெதர்லாந்தின் ரவுல் அவுடெயான்ஸ், ராப் பைபர்ஸ் ஆகியோர் 2009-ல் வெளியிட்ட ஆய்வில் கூடைப்பந்து வீரர்களும் டார்ட்ஸ் எறிபவர்களும் இரண்டு பிரிவாகப் பயிற்சி பெற்றார்கள். ஒரு பிரிவு சாதாரணமாக, மற்றொன்று சிறிது பதற்றம் ஊட்டும் சூழலில். பின்னர் நெருக்கடியில் சோதித்தபோது முதல் பிரிவினரின் குறி தவறியது. இரண்டாம் பிரிவினர் தாக்குப்பிடித்தார்கள். பயிற்சியில் தந்த பதற்றம் உண்மைப் போட்டி அளவுக்கு இருக்க வேண்டிய தேவையும் இல்லை.

இதற்குச் செலவில்லை. மாலைப் பயிற்சி முடிந்து எல்லோரும் களைத்த வேளையில், ஒருவருக்கு ஒரே ஒரு முயற்சி. மற்றவர்கள் கோலைச் சுற்றி நின்று சத்தம் போடுவார்கள். தவறினால் அணி முழுக்க ஒரு சுற்று ஓட வேண்டும். இருபது முறை தொடர்ந்து அடிக்கும் பயிற்சி கையைத் தயாராக்கும். ஒரே முறை அடிக்கும் பயிற்சி ஆளைத் தயாராக்கும். உள்ளூர்க் கோப்பைகளின் பயனும் இதுவே. சொந்த ஊர்க் கூட்டத்தின் கேலிக்கு நடுவே ஆடிப் பழகியவர்களுக்கு வெளியூர் மைதானம் அந்நியமாகத் தோன்றாது.

நடுவில் தவறு நேர்ந்தால் மீள்வதும் பழக வேண்டிய ஒன்று. அமெரிக்க ஃபிகர் ஸ்கேட்டிங் வீரர் நேதன் சென் 2018 பியோங்சாங் ஒலிம்பிக்கின் குறும் ஆட்டத்தில் விழுந்து, தடுமாறி, 17-வது இடத்துக்குப் போனார். அடுத்த நெடும் ஆட்டத்தில் நான்கு சுழற்சித் தாவலை ஆறு முறை முயன்று, 215.08 மதிப்பெண்ணுடன் அந்தப் பிரிவில் முதலிடம் பெற்று, மொத்தத்தில் 5-வது இடத்துக்கு வந்தார். 2022 பெய்ஜிங்கில் தங்கம் அவருக்கே. இழக்க இனி ஒன்றுமில்லை என்ற நிலையில் வெளிப்பட்ட திறமை, அவரிடம் முன்பும் இருந்ததுதான்.

உணவு, உறக்கம், மருந்து

குடலுக்கு ரத்தம் குறையும் நேரத்தில் கனமான சாப்பாடு வயிற்றில் தங்கிவிடும். முழுச் சாப்பாட்டை ஆட்டத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே முடிப்பது நல்லது. கடலைமிட்டாய் சத்தானதுதான்; நிலக்கடலையின் கொழுப்பு மெதுவாகச் செரிப்பதால் அதை ஆட்டம் முடிந்த பிறகுக்கு வைத்துக்கொள்ளலாம். கடைசி அரை மணியில் ஒரு வாழைப்பழம் போதும். டீக்கடையில் அடுத்தடுத்துக் குடிக்கும் டீயும் கவனிக்கத்தக்கது. அதில் உள்ள காஃபீன் துடிப்பையும் நடுக்கத்தையும் கூட்டும். உடலில் பாதியாகக் குறையவே அதற்குச் சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். வழக்கமாகக் குடிக்கும் அளவோடு நிறுத்திக்கொள்வது பாதுகாப்பு.

போட்டிக்கு முந்தைய இரவு தூக்கம் வராமல் புரளுவது மிகச் சாதாரணம். ஓர் இரவுக் குறைவு உடல் வலுவைப் பெரிதாகக் குறைப்பதில்லை. தூங்கவில்லையே என்று அஞ்சுவதே கூடுதல் கேடு. அதற்கு முந்தைய இரவுகளில் நன்றாகத் தூங்கிவைப்பது நடைமுறைக்கு உகந்த வழி.

ஸ்காட்லாந்துக்காரரான ஜேம்ஸ் பிளாக் 1960-களில் உருவாக்கிய புரொப்ரனலால் என்னும் இதய மருந்து அட்ரினலினின் செயலைத் தடுத்து நடுக்கத்தைக் குறைக்கும். அவருக்கு 1988-ல் நோபல் பரிசு கிடைத்தது. குறிபார்த்துச் சுடுதல், வில்வித்தை போன்ற போட்டிகளில் இவ்வகை மருந்து தடைசெய்யப்பட்டது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வடகொரியத் துப்பாக்கி வீரர் கிம் ஜோங்-சு இதைப் பயன்படுத்தியது தெரிந்து அவருடைய இரண்டு பதக்கங்களும் பறிக்கப்பட்டன. ஓடி ஆடும் விளையாட்டில் இது இதயத்தின் உச்ச வேகத்தைக் குறைத்து வீரரைத் திணறடிக்கும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆபத்தானது. மருத்துவர் சொல்லாமல் தொடக்கூடாத மருந்து இது.

எப்போது உதவி தேவை

சாதாரணப் படபடப்பு ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களில் தானாகத் தணியும். முதல் பந்து மட்டையில் பட்டதும் சரியாகிவிடுவதாகப் பெரும்பாலான வீரர்கள் உணர்வதற்குக் காரணம், கவனத்துக்கு அப்போது முழுநேர வேலை கிடைத்துவிடுவதுதான். ஆட்டம் முடிந்த பின்னும் நீடிக்கும் பதற்றம், வாரக்கணக்கில் தொடரும் தூக்கமின்மை, போட்டியைத் தவிர்க்க நோய் என்று சொல்லி ஒதுங்குவது, காரணமின்றித் திடீரென மூச்சு முட்டிப் பயம் கவ்வுவது ஆகியவை வேறு வகை. அவற்றுக்குப் பயிற்சியாளரின் அறிவுரை போதாது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் உள்ள மனநலப் பிரிவுகளில் இதற்குச் சிகிச்சை கிடைக்கிறது. பேச்சு வழிச் சிகிச்சையால் பெரும்பாலோர் தேறுகிறார்கள். பதின்வயது வீரர்களிடம் இந்த அறிகுறிகளை முதலில் காணும் வாய்ப்பு விடுதிக் காப்பாளருக்கும் பயிற்சியாளருக்கும் இருப்பதால், சாதாரணப் படபடப்புக்கும் நோய்க்கும் உள்ள வேறுபாட்டை அறிந்திருப்பது அவர்களுடைய பணியின் ஒரு பகுதி.